தண்ணீரில் போகும் கோடுகள்

அந்த அருங்காட்சியகத்தின் பழுதுபார்க்கும் அறையில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் சொல்வது காதில் விழாமலா இருக்கும்? பெயர் வந்த காரணம் இதுதான்: மெல்லிய கோடு போடும்போது அவள் மூச்சை விட்டுக்கொண்டே போடுவாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது தோள் எழும், தோளோடு கையும் எழும், கோடு நெளிந்துவிடும். அடக்கிக்கொண்டு போட்டாலோ நாலாவது கோட்டிலேயே விரல் நடுங்கும். ஆகவே முதலில் நன்றாக இழுத்துக்கொள்வாள். பிறகு உதட்டைக் குவித்து 'ஊ' என்று விட்டபடி, தூரிகையை மேலிருந்து தன் மார்பை நோக்கி ஒரே இழுப்பாக இழுப்பாள். ஒரு மூச்சுக்கு ஒரு கோடு. அந்த 'ஊ' நின்றால்தான் பக்கத்து மேசைக்காரர்கள் தலை நிமிர்ந்து, டீ குடிக்கப் போகலாமா என்று கேட்பார்கள்.

இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. பழைய நீர்வண்ணப் படங்கள் அவளிடம் வரும். சிலதைப் பூச்சி தின்றிருக்கும், சிலதை ஈரம் தின்றிருக்கும். வண்ணம் போன இடத்தை அவள் மெல்லிய நேர்கோடுகளால் நிரப்புவாள். எல்லாம் மேலிருந்து கீழாக, ஒன்றையொன்று தொடாமல், பக்கத்தில் பக்கத்தில். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் படம் முழுசாகத் தெரியும். மூக்கை வைத்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். ஏன் இந்தப் பாடு, ஒரேயடியாகப் பூசிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஓவியன் போட்டது எது, இவள் போட்டது எது என்று கிட்டே வந்து பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும். யாரையும் ஏமாற்றக் கூடாது. அது முதல் விதி. நாம் போட்டதை நாளைக்கே ஈரத் தூரிகையால் எடுத்துவிட முடிய வேண்டும் என்பது இரண்டாவது. தெரியாததை வரையாதே என்பது மூன்றாவது. ஒரு ராணியின் கை அழிந்துபோய், அதில் பூ இருந்ததா விசிறி இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லையென்றால், பின்னணி நிறத்தில் வெறும் கோடுகளைப் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். ராணி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், அவளிடம் ஒரு கதை தயாராக இருக்கும். ஐந்து வயதில் வீட்டுக்கு ஒரு ஓவியர் வந்தார். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தார். அவருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடாம உக்காரும்மா, வாயை மூடும்மா" என்று அவர் அடிக்கடி சொன்னதும், நடுவில் பிஸ்கட் கொடுத்ததும், தூரிகையை அவர் தண்ணீரில் அலசும்போது வந்த கிளுக் கிளுக் சத்தமும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் என்று சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் இந்தக் கதையை எடுத்தால் மட்டும் அம்மா எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். எத்தனை தடவைதான் கேட்பாள் பாவம் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று வந்த ஓவியர் வரைந்த படம் சின்னண்ணனுடையது. அவளுக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. சின்னவன் எட்டு வயதோடு நின்றுவிட்டான். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். வீட்டில் அவன் முகம் தெரிகிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வகுப்போடு எடுத்த ஒரே ஒரு போட்டோவிலும் கடைசி நேரத்தில் தலையை ஆட்டியிருக்கிறான். முகம் இருக்கும் இடத்தில் ஒரு தீற்றல்தான் இருக்கிறது. அதனால் அப்பா ஓவியரைக் கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு பக்கமாக வாரிய தலை, மூடிய வாயின் ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. நாற்பத்தாறு வருஷமாக அம்மா தினமும் காலையில் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை பெரியண்ணன் அந்தப் படத்தைப் போர்வையில் சுற்றி அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் தனிக்கட்டை, சாப்பாட்டு மேசையில் பாதி எப்போதும் தூரிகைகளுக்குத்தான். அந்தப் பாதியில் மூட்டையை வைத்துவிட்டு, அவர் உட்காராமல் நின்றார். எதையாவது மறைத்தால் அவருக்கு உட்காரத் தோன்றாது. அது சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம்.

அவள் போர்வையைப் பிரித்தாள். கண், மூக்கு, நெற்றி, தலைமுடி எல்லாம் இருந்தன. மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. வாய், மோவாய், இடக் கன்னத்தில் பாதி எல்லாம் கரைந்து, வெள்ளைச் சட்டையின்மேல் பழுப்பாக வழிந்திருந்தது. அவள் எத்தனையோ படங்களை இதைவிட மோசமான நிலையில் பார்த்தவள்தான். ஆனால் அதெல்லாம் யாருடைய முகமோ.

"எப்பண்ணா ஆச்சு?"

"அது... கொஞ்ச நாளா..."

"கொஞ்ச நாள்னா?"

"ரெண்டு மாசம் இருக்கும். சுவத்துக்குள்ள போற பாத்ரூம் குழாய் கசிஞ்சிருக்கு. எனக்கே தெரியல பாப்பா."

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அண்ணனுக்குத் தொழிலே குழாய் வேலை. ஊரில் பாதி வீடுகளுக்குக் குழாய் போட்டவர். சொந்த வீட்டுக் குழாயையும் சுவருக்குள் தானே புதைத்தார். அந்தச் சுவரில் படத்துக்கு ஆணி அடிக்கும்போது அம்மா தடவிப் பார்த்து, "சுவரு சில்லுன்னு இருக்கேடா, இங்க வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். "நான் போட்ட குழாய்மா, நீ பேசாம இரு" என்று இவர் அடித்துவிட்டார். ஆம்பளைக்குத் தன் தொழிலைக் குறை சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும் இல்லையா, அந்தக் கோபத்தில் அடித்த ஆணி.

"அம்மா தினமும் துடைக்குதே. பாக்கலயா?"

"கண்ணுல புரை பாப்பா. எல்லாமே புகை மாதிரிதான் தெரியுது. தினம் துணியை எடுத்துட்டு வந்து துடைக்கும், சிரிக்கும், போயிடும். நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். வர்ற மாசம் முதல் வாரம் ஆபரேஷன். கிட்டத்துல தெரியற லென்ஸா தூரத்துல தெரியற லென்ஸான்னு டாக்டர் கேட்டார். கிட்டத்துல தெரிஞ்சா போதும், கட்டு பிரிச்சதும் என் பிள்ளையைப் பாக்கணும்னு சொல்லுச்சு. கண்ணாடி மாத்தக் குடுத்திருக்கேன்னு புளுகிட்டு எடுத்துட்டு வந்தேன்."

"நான் என்ன செய்யணும்?"

"புதுசு மாதிரி பண்ணிடு. தெரியவே கூடாது."

"நாங்க அப்படிச் செய்யறது இல்லண்ணா. போன இடம் போன இடம்னு தெரியணும்."

"உன் சட்டத்தை மியூசியத்துல வச்சுக்கோ. இது நம்ம அம்மா." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாய் இல்லாத பிள்ளையைக் கொண்டுபோய் அம்மா முன்னாடி நிறுத்தச் சொல்றியா?"

ஆபரேஷனுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

முதல் ஐந்து நாள் படத்தை உலர்த்துவதற்கே போயிற்று. சட்டத்திலிருந்து பிரித்து, மையொற்றித் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் பலகை மேல் கனமான புத்தகங்களுமாக அடுக்கி, காலையும் மாலையும் தாளை மாற்றினாள். பின்பக்கத்துப் பூஞ்சையை மெத்தென்ற தூரிகையால் தட்டி எடுத்தாள். வண்ணம் போன இடத்தில் தாள் பஞ்சாகிவிட்டிருந்தது. அதில் அப்படியே கோடு போட்டால் ஊறிப் பரவும். நீர்த்த பசையை ஒரு கை பூசிக் காயவைத்தாள். இதுவரைக்கும் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அதற்கு மேல்தான் வந்தது வம்பு.

சின்னண்ணனின் வாய் எப்படி இருந்தது?

கண்ணை மூடி யோசித்தால் படம்தான் வந்தது. படத்தைத் தள்ளிவிட்டு யோசித்தால் ஒரு டவுசர், ஓடுகிற இரண்டு கால், கொல்லைக் கதவு படாரென்று சாத்தும் சத்தம், இவ்வளவுதான். முகமே இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள். சின்னவன் போனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அவருக்காவது ஞாபகம் இருக்க வேண்டும்.

"வாயா? நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

"நல்லான்னா எப்படிண்ணா?"

"படத்துல இருந்த மாதிரிதான் பாப்பா. எனக்கும் அதான் வருது. உன்னை மாதிரியே இருப்பான்னு எல்லாரும் சொல்வாங்க. அது ஞாபகம் இருக்கு."

தெரியாததை வரையாதே. சரி, விதிப்படியே போவோம் என்று ஒரு பழைய தாளில் முகத்தைப் பிரதி எடுத்து ஒத்திகை பார்த்தாள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் தோல் நிறத்தில் வெறும் கோடுகளை நிரப்பி, தள்ளி நின்று பார்த்தாள். இரண்டு பெரிய கண்களும் ஒரு மூக்கும் அவளைப் பார்த்தன, பேச ஒன்றும் இல்லாமல். ராணியின் கை என்றால் சரி. பெற்றவளிடம் இதைக் கொடுக்க எந்த மகளுக்குத் துணிச்சல் வரும்?

அப்போதுதான் படத்தில், பூதக்கண்ணாடி வழியாக, அது கண்ணில் பட்டது. வண்ணம் கரைந்த இடத்தில், மிக மங்கலாக, பென்சில் கோடு. வண்ணம் வைப்பதற்கு முன் ஓவியர் போட்டது. வலப்பக்க வாயோரம் சற்றே மேலே ஏறியிருந்தது. கீழுதட்டின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். மற்றது போய்விட்டது. அவள் எழுந்து குளியலறைக் கண்ணாடி முன் போய் நின்று வாயை மூடிப் பார்த்தாள். வலது ஓரம் சற்றே ஏறியிருந்தது. கீழுதட்டில் பள்ளம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இருக்காதா பின்னே என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. வெறும் கையோடு இல்லை, கொஞ்சமாவது ஆதாரம் கிடைத்துவிட்டது. கண்ணாடியை மேசைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, தன் ஐம்பத்தோரு வயது வாயிலிருந்து சுருக்கங்களைக் கழித்து எட்டு வயது வாய் ஒன்றைத் தேடினாள்.

கோட்டுக்கு வருவோம். பதற்றத்தில் முதலில் அவள் ஸ்கேலை எடுத்தாள். புதிதாகச் சேருபவர்கள்தான் ஸ்கேல் வைத்துப் போடுவார்கள். ஸ்கேலைத் தாளில் படுக்க வைக்காமல், ஒரு விளிம்பை விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டும். படுத்திருந்தால் வண்ணம் அடியில் புகுந்து அப்பிவிடும். தூக்கிய விளிம்பின்மேல் தூரிகையின் உலோகக் கழுத்தைச் சாய்த்து, ரயில் தண்டவாளத்தில் போவதுபோல ஒரே சீராக இழுக்கலாம். கோடு நேராக வரும், சந்தேகமே இல்லை. நாற்பது கோடு போட்டுவிட்டு எழுந்து பார்த்தாள். பிள்ளையின் முகத்தில் ஜன்னல் கம்பி வைத்த மாதிரி இருந்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை, ஆகவே எதிலும் உயிர் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, ஈரத் தூரிகையால் நாற்பதையும் தொட்டுத் தொட்டு, மையொற்றித் தாளால் ஒற்றி எடுத்தாள்.

பிறகு வெறும் கையால். நீண்ட மயிர் உள்ள மெல்லிய தூரிகை. அது நிறைய வண்ணத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நுனியில் கொஞ்சமாக விடும். வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியானால் பாதியில் காயும், நீர்த்தால் குளம் கட்டும். முதலில் ஓரத்துத் துண்டுத் தாளில் ஒரு தடவை தொட்டு, முதல் சொட்டை அங்கே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டின் தலையில் குண்டு விழும். சுண்டு விரலைத் தாளில் ஊன்றி, மணிக்கட்டை அசைக்காமல், முழங்கையிலிருந்து இழுக்க வேண்டும். கண் தூரிகை நுனியில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஊ. ஒன்று. ஊ. இரண்டு. முதல் நாள் வெளிர் மஞ்சள் கோடுகள் மட்டும். அவை காய்ந்தபிறகு இடைவெளிகளில் இளஞ்சிவப்பு. அதற்கும் பிறகு நிழல் விழும் இடத்தில் பழுப்பு. நிறங்களைக் கலக்கக் கூடாது. தள்ளி நிற்பவன் கண்ணே கலந்துகொள்ளும். உதட்டுக்கு மட்டும் நூற்றுச் சொச்சம் கோடுகள் ஆயின.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் கோடுகளை வழக்கத்தைவிடப் பாதி அளவுக்கு மெலிதாகப் போட்டாள். தூரிகையில் நாலைந்து மயிர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிட்டுப் போட்டாள். கேட்டால், கோடு கோடாகத்தானே இருக்கிறது, விதியை எங்கே மீறினேன் என்று சொல்லியிருப்பாள். ஆனால் பூதக்கண்ணாடி இல்லாமல் அந்தக் கோடுகள் யார் கண்ணுக்கும் தெரியாது. பூசி மெழுகும் வேலையைத்தான் அவள் செய்தாள், கோடுகளாலேயே செய்தாள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வேலையைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அண்ணன் வந்து பார்த்தார். கிட்டே போனார், தள்ளி வந்தார், மறுபடி கிட்டே போனார். "கோடு எங்க?" என்றார். பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். அதில் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. "காப்பாத்திட்டே பாப்பா" என்றார். அவள் தூரிகைகளை அலசப் போனாள்.

கட்டு பிரித்த மறுநாள் காலை, அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படத்தை வேறு சுவரில், வெளிச்சத்துக்கு நேரே மாட்டியிருந்தார் அண்ணன். அந்தச் சுவருக்குள் குழாய் இல்லை என்று மூன்று தடவை தட்டிப் பார்த்திருந்தார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் அம்மா முதலில் பக்கத்தில் நின்ற மகளைத்தான் பார்த்தாள். "என்னடி இது, தலையெல்லாம் இப்படி நரைச்சுக் கிடக்கு?"

"நாலு வருஷமா இப்படித்தாம்மா இருக்கேன்."

"யாரும் சொல்லலயே." பிறகு மகனை அருகில் இழுத்துப் பார்த்தாள். "உனக்கு எப்படா சொட்டை விழுந்தது? நல்லவேளை, புரை இருந்துச்சு." அண்ணன் சிரித்தார். ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை.

அம்மா எழுந்து படத்தருகே போனாள். கையில் வழக்கமான துணி. கண்ணாடியை மெதுவாக, நாலு மூலையும் துடைத்தாள். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் கிட்டே போனாள். அப்படியே நின்றாள். துணி பிடித்த கை கீழே இறங்கியது. இன்னொரு கையின் நகம் கண்ணாடிமேல் மோவாய்ப் பக்கமாக, மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே போனது.

அண்ணனும் தங்கையும் ஒன்றை மறந்துவிட்டிருந்தார்கள். அம்மா முப்பது வருஷம் தையல் வேலை செய்தவள். கிழிந்த துணியை இழை எடுத்துத் தைத்தால், தைத்த இடம் எது என்று தேடிப் பிடித்துவிடுகிற கண் அது. புரைதான் அதை மூடி வைத்திருந்தது.

"இங்க மட்டும் என்ன இழை ஓடுது?" என்றாள் அம்மா. "மேல இல்லை. மூக்குக்குக் கீழ மட்டும் தச்சு வச்ச மாதிரி இருக்கு."

அம்மா திரும்பி மகனைப் பார்த்தாள். அவர் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "குழாய் கசிஞ்சிடுச்சும்மா. நீ அன்னைக்கே சொன்ன. என் தலைக்கனம்தான்மா எல்லாம். என்னை என்ன வேணா சொல்லு."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "நீதான் போட்டியா?"

"ஆமாம்மா."

"யாரைப் பாத்துப் போட்ட?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "கண்ணாடியில என்னைப் பாத்துத்தாம்மா போட்டேன். எனக்கு அவன் முகம் ஞாபகமே இல்லைம்மா. மன்னிச்சிடும்மா."

அம்மா நாற்காலிக்கு வந்து மெதுவாக உட்கார்ந்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று இருவரும் பயந்து நின்றார்கள். அவள் துணியை மடியில் வைத்து, நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

"அந்தாளும் உன்னைப் பாத்துத்தான் போட்டான்" என்றாள்.

"யாரு?"

"வரைய வந்தானே, அவன். அவன் எங்க நம்ம பிள்ளையைப் பாத்தான்? வரும்போது பிள்ளை போய்ப் பதினோரு நாள். நெத்தியும் கண்ணும் உங்கப்பா ஜாடைன்னு அவரைப் பாத்துப் போட்டான். வாயும் மோவாயும் உன் ஜாடைன்னு உன்னை முக்காலியில உக்கார வச்சான். நீ அந்தாளையே பாத்துக்கிட்டு இருந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியற. அவன்தான்டி உன்னைப் பாத்துக்கிட்டு இருந்தான்."

ஆடாம உக்காரும்மா. வாயை மூடும்மா. வரைந்துகொண்டிருப்பவர், சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வாயைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு இது உறைக்கவில்லை. பென்சில் கோடு அவள் வாயோடு பொருந்தியது ஏன் என்று இப்போது புரிந்தது.

"படம் வந்த அன்னைக்கே, இது அவன் வாய் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "உங்கப்பா மனசு நோகுமேன்னு சொல்லல. தினம் பாப்பேன். இது இல்லை, இது இல்லைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே துடைப்பேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் சொல்லியிருப்பேன். அப்புறம் ஒரு நாள் சொல்ல மறந்துட்டேன். அதுக்கப்புறம் இந்த வாய்தான் அவன் வாய்னு ஆகிப்போச்சு. அவனோடது எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. பெத்தவளுக்குத் தெரியல பாப்பா." இப்போதுதான் அவள் அழுதாள். புதுக் கண்ணைத் துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் துடைக்காமலே அழுதாள்.

அழுது முடித்ததும் கேட்டாள்: "நீ போட்டதை எடுக்க முடியுமா?"

"தண்ணி வச்சாப் போயிடும்மா."

"எடுத்துடு."

"அம்மா, வேண்டாம்மா" என்று அண்ணன் பதறினார். "பாக்க முடியாதும்மா. நான் பாத்தேன்."

"என் பிள்ளையை நான் பாத்துக்கிறேன். எடு பாப்பா. இல்லாத இடம் இல்லாததாவே இருக்கட்டும்."

ஜன்னலோரத்து மேசையில் படத்தைக் கிடத்திச் சட்டத்தைப் பிரித்தாள். பையில் தூரிகையும் மையொற்றித் தாளும் எப்போதும் இருக்கும். அம்மா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி உட்கார்ந்தாள். கிட்டத்தில் தெரிகிற கண்.

போட்ட கோட்டை எடுப்பதும் போடுகிற மாதிரிதான். அவசரப்பட்டால் பரவிவிடும். ஈரத் தூரிகையைக் கோட்டின் தலையில் வைத்து, மூச்சை விட்டபடி கீழே இழுத்து, உடனே ஒற்ற வேண்டும். அவள் மூச்சை இழுத்தாள். உதட்டைக் குவித்தாள். ஊ. ஒரு கோடு போயிற்று. ஊ. இன்னொன்று. மோவாய் முடிந்தது, கன்னம் முடிந்தது. உதட்டுக்கு வந்தாள். கண்ணிலிருந்து நீர் தாளில் சொட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

பாதி உதடு போயிருக்கும். அம்மா சட்டென்று மேசைமேல் கை வைத்தாள்.

"இரு."

அவள் நிமிர்ந்தாள். அம்மா படத்தைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவிந்திருந்த வாயை.

"விசில்" என்றாள் அம்மா. "விசிலடிப்பான்டி அவன்! முன்னாடி மேல்பல்லு ரெண்டும் விழுந்து கிடந்துச்சு. அந்த ஓட்டையில காத்து விட்டு, நாள் முழுக்க, காது கிழியற மாதிரி. வாயை மூடவே மாட்டான். எங்க மூடினான்? படத்துலதான் மூடினான்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணன் தலை தூக்கினார். "ஆமா" என்றார். "ஆமாம்மா. எனக்கு மட்டும் வராது. வரலையா வரலையான்னு மூஞ்சிக்கு நேரா வந்து அடிப்பான். ஒரு தடவை ஓங்கி அறைஞ்சேன் நான்."

"அறைஞ்ச. எனக்குத் தெரியும். அப்பவும் அடிச்சான்." அம்மா சிரித்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. "கீழுதடு ஒரு பக்கமா இழுக்கும் அவனுக்கு. பல்லு இல்லாத இடத்துல நாக்கு நுனி தெரியும். மேல இந்த இடத்துல ஒரு சின்ன வடு, நாற்காலியில விழுந்தது." தன் வாய்மேலேயே விரல் வைத்துக் காட்டினாள். "தெரியுது பாப்பா. எனக்குத் தெரியுது."

அவள் கை தன்னையறியாமல் வண்ணப் பெட்டியின் பக்கம் போயிற்று. போன கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"வரையாதே" என்றாள். "மீதியையும் எடு. மெதுவா எடு. நீ ஊது, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, அடுத்த கோட்டின் தலையில் ஈரத் தூரிகையை வைத்தாள்.